பத்தனைத் தீயும் நிறம் மாறும் கரைசலும்

உயர்தர வகுப்பில் நாம் செய்யும் ஒட்சாலிக்கமில நியமிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். சூடாக்கிய அமிலக் கரைசலில் பொட்டாசியம் பரமங்கனேற்றின் முதல் துளி விழும்போது அதன் நிறம் உடனே மறைவதில்லை. அடுத்தடுத்த துளிகளோ விழுந்தவுடன் மறைந்துவிடும். முதன்முறை இதைக் கண்டபோது, என் கையில்தான் பிழை என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டேன். "கண்டதை ஏன் எழுதவில்லை?" என்று ஆசிரியை கேட்டார்.

தாக்கத்தில் உண்டாகும் மங்கனீசு அயன்களே அத்தாக்கத்தை விரைவுபடுத்துகின்றன. விளைபொருளே ஊக்கியாவதால் இதனைச் சுயவூக்கம் என்பர். இச்சிறு விடயத்தின் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

1951 இல் சோவியத் விஞ்ஞானி போரிஸ் பெலூசொவ், சித்திரிக்கமிலம், புரோமேற்று, சீரியம் அயன்கள் ஆகியவற்றைச் சல்பூரிக்கமிலத்தில் கலந்தார். கரைசல் மஞ்சளானது, நிறமற்றதானது, மீண்டும் மஞ்சளானது. இது நடக்கவே முடியாது என்று கூறி ஆய்விதழ் அவரது கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1959 இல்தான் கதிர்வீச்சு மருத்துவம் பற்றிய ஒரு தொகுப்பில் சுருக்கமாக அது வெளியானது. 1961 இல் அனத்தோலி சபோதின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர் அவ்வேலையைத் தொடர்ந்தார். 1980 இல் இக்கண்டுபிடிப்புக்கு லெனின் பரிசு கிடைத்தபோது பெலூசொவ் உயிருடன் இல்லை. அவர் 1970 இலேயே காலமாகியிருந்தார்.

மறுத்தவர்களின் ஐயம் என்ன? தாக்கம் சமநிலையை நோக்கியே செல்லும், பின்னோக்கி வராது என்பதே. அது சரிதான். ஆனால் இங்கே பின்னோக்கிச் செல்வது முழுத் தாக்கமல்ல. புரோமேற்றும் சேதன அமிலமும் தொடர்ந்து குறைந்துகொண்டே போகின்றன. இடைநிலைப் பொருட்களின் செறிவுதான் ஏறி இறங்குகிறது. புரோமைட்டு அயன் போதியளவு இருக்கும்வரை அது சுயவூக்கத்தைத் தடுக்கிறது. அது ஓரளவுக்குக் கீழே குறைந்ததும் சுயவூக்கம் வேகமெடுத்து, சீரியம் ஒட்சியேறி மஞ்சளாகிறது. அந்தச் சீரியம் சேதனப் பொருளுடன் தாக்கமுற்று மீண்டும் புரோமைட்டைத் தருகிறது. தடை திரும்புகிறது, நிறம் மறைகிறது. தாக்கிகள் தீர்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

இதே வகைக் கரைசலை ஒரு தட்டில் மெல்லிய படையாக ஊற்றி, பெரோயின் என்னும் காட்டியைச் சேர்த்தால், சிவப்புப் பரப்பில் நீல வளையங்கள் விரிந்து செல்லும். 1970 இல் சாயிக்கினும் சபோதின்ஸ்கியும் இந்த அலைகளை வெளியிட்டார்கள். இவ்வாறான அலையை ஊவாவில் வாழும் நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். கச்சான் காற்று வீசும் வறட்சி மாதங்களில் எதிர் மலையில் பத்தனை எரிவதை இரவில் வாசலில் நின்று பார்த்ததில்லையா? காய்ந்த மானாப்புல்லில் தீ ஒரு கோடாக ஏறிச் செல்லும். ஒரு புல்லின் சூடு அடுத்த புல்லைப் பற்றவைக்கும். எரிந்த இடம் மீண்டும் புல் வளரும்வரை எரியாது. இரு தீக்கோடுகள் சந்தித்தால் முன்னே எரிவதற்கு ஏதுமின்றி இரண்டும் அணைந்துவிடும். தட்டிலுள்ள நீல வளையங்களும் அப்படியே மோதி மறைகின்றன. எரிந்த பத்தனை போல, அலை கடந்த கரைசலுக்கும் சற்று ஓய்வு தேவை.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தட்டிலுள்ள கரைசல் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ பழைய நிலைக்குத் திரும்பும். எரிந்த மலை அப்படித் திரும்பாது. அடுத்த மழையில் மேல்மண் கழுவுண்டு போகும். விளையாட்டாக ஒரு தீக்குச்சியைப் போடுமுன் இதை நம் வீட்டிலுள்ள தம்பிமாருக்கும் சொல்ல வேண்டும்.

அன்றைய நியமிப்பைப் பின்னர் நான் மீண்டும் செய்தேன். இம்முறை முதல் துளி மறைய எடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டேன். புள்ளித்திட்டத்தில் அதற்குப் புள்ளி இருக்கிறதோ இல்லையோ, கண்ணால் கண்டதை எழுதுவதுதான் விஞ்ஞானத்தின் முதல் பாடம்.