மதிப்பெண் ஏறினால் போதுமா?

என் கணவருக்கு அல்சைமர் தொடக்க நிலை என்று தெரிந்த வாரத்திலேயே என் செல்போனில் மூளைப் பயிற்சிச் செயலிகளின் விளம்பரம் வரத் தொடங்கிவிட்டது. மகன் ஒன்றுக்குச் சந்தா கட்டிக் கொடுத்தான். இப்போது மற்ற வீட்டுக்காரர்கள் “வாங்கலாமா அக்கா?” என்று என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வங்கியில் காசாளராக இருந்தவர். எண் விளையாட்டில் மதிப்பெண் மளமளவென்று ஏறியது. அதே நாட்களில் பால்காரருக்கு ஒரே மாதத்துக் காசை இரண்டு தடவை கொடுத்தார். எதைப் பழகுகிறார்களோ அதில்தான் தேர்ச்சி வருகிறது. அது அடுப்படிக்கும் கடைத்தெருவுக்கும் தானாக வந்து சேர்வதில்லை. லுமோசிட்டி செயலியை நடத்தும் நிறுவனம், முதுமையின் மறதியைத் தள்ளிப்போடலாம் என்கிற பாணியில் விளம்பரம் செய்ததற்காக 2016-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மூளைப் பயிற்சிக்கு ஆதாரமாக எல்லோரும் எடுத்துக்காட்டும் ‘ஆக்டிவ்’ ஆய்வில் இருந்த 2,832 பேரும் மறதிநோய் இல்லாத முதியவர்கள். விளம்பரத்தில் அந்த ஒரு வரி மட்டும் இருக்காது.

இன்னொன்று எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவில் லேசான அறிதிறன் குறைபாடு உள்ள 107 பேரிடம் நடந்த சோதனையில் (2022-இல் வெளியானது), விளையாட்டுச் செயலியில் பழகியவர்களைவிடக் கணினியில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டவர்களே ஒன்றரை ஆண்டு கழித்துச் சற்று மேலாக இருந்தார்கள். விலை உயர்ந்தது வேண்டும் என்பதில்லை.

இனி வீட்டு நடைமுறை. காலைப் பலகாரம் முடிந்தபின் உட்காருவோம். சாயங்காலம் அவருக்குக் குழப்பம் கூடும், அப்போது டேப்லெட்டை எடுப்பதே இல்லை. அரை மணியைத் தாண்ட விடமாட்டேன். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுவேன். கண்ணாடி, காது மெஷின் இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வறண்ட விரலுக்குச் சில திரைகள் சரியாகக் கேட்காது. தொடுபேனா ஒன்று வாங்கியதும் அவருடைய ‘மறதி’ கொஞ்சம் குறைந்துவிட்டது! வாட்ஸப் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். கடிகாரம் ஓடும் விளையாட்டுகள் வேண்டவே வேண்டாம், பதற்றம்தான் மிச்சம்.

முக்கியமானது தப்பான விடை. பெரும்பாலான செயலிகள் ஆடுபவர் ஜெயிக்க ஜெயிக்கக் கடினமாகிக்கொண்டே போகும். நமக்கு அது சவால். அவருக்கு, தான் தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்கிற எண்ணம்தான் மிஞ்சுகிறது. அதனால் நிலையை நானே குறைத்து வைக்கிறேன். மேலும், நினைவு பலவீனமானவர்களுக்கு ஊகித்துச் சொன்ன தப்பு விடையே மனத்தில் பதிந்துவிடக்கூடும். தயங்கினால் “யோசிச்சுப் பாருங்க” என்று சொல்லாமல் விடையை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு அரை நிமிடம் கழித்து அதையே கேட்பேன், அப்புறம் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டுவேன். தப்பினால் விடையைச் சொல்லி, முன்பு சரியாகச் சொன்ன இடைவெளிக்கே திரும்புவேன். வீட்டுச் சாவி பூஜை அலமாரி ஆணியில் என்பது அவருக்கு இப்படித்தான் நின்றது. எங்கள் செயலி சொல்லித் தராத பாடம் இது. இடைவெளியை அளக்க டேப்லெட்டில் அலாரம் இருந்தால் போதும்.

தனியாகக் கையில் கொடுத்துவிட்டு நான் சமைக்கப் போனால் ஐந்து நிமிடத்தில் மூடிவைத்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து, பழைய ஊர்ப் படங்களைத் திரையில் காட்டி, “இது எந்த ஸ்டேஷன்ங்க?” என்று பேச்சுக் கொடுத்தால் நேரம் போவதே தெரியாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் தந்த வழிகாட்டுதலும், லேசான, நடுத்தர அல்சைமருக்கு செயலியில் இருப்பது போன்ற அறிதிறன் பயிற்சியைச் சிகிச்சையாகத் தர வேண்டாம், குழுவாக உட்கார்ந்து பேசிப் பழகும் அறிதிறன் தூண்டல் முறையைத் தரலாம் என்கிறது. அந்த முறையைச் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் தமிழ்ச் சூழலுக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறது. பக்கத்தில் அப்படிக் குழு இருக்கிறதா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள், சந்தா பிறகு கட்டிக்கொள்ளலாம். மருத்துவர் எழுதிய மாத்திரையை மட்டும் விளையாட்டை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.