கேட்க ஆள் இல்லாத எச்சரிக்கைகள்

மென்பொருள் பராமரிப்பில் பல ஆண்டுகள் புழங்கியதில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. பெரிய சிஸ்டம்கள் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் விழுகின்றன. லாக்கில் ஒரு வரி, யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல், காலாவதியான ஒரு சான்றிதழ் என்று ஏதோ ஒரு வடிவில் செய்தி முன்பே வந்திருக்கும். அதைக் கேட்பது இன்னாருடைய வேலை என்று மட்டும் எங்கும் எழுதியிருக்காது. ஆகவே பராமரிப்பைச் சீர்செய்ய நினைக்கும் நிறுவனம் புதிய கருவி வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் அதிலிருந்து வரும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை வைக்க வேண்டும். அவருக்கு நேரமும் அதிகாரமும் தர வேண்டும். கேட்பதற்கு இது சாதாரணமாகத்தான் இருக்கும். கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், எத்தனை மறுப்புகள் வருகின்றன என்று தெரியும்.

மறுப்புகளுக்கு முன் சான்றுகளைப் பார்ப்போம். அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேப்பிட்டல், 2012 ஆகஸ்ட் 1 அன்று சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏற்றியிருக்க வேண்டும், ஏழில்தான் ஏறியிருந்தது. எட்டாவதில் 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட ஒரு பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய வசதிக்காக மறுபடி எடுத்துக்கொண்ட குறியீடு (ஃபிளாக்) அந்தப் பழையதைத் தட்டி எழுப்பிவிட, அது நிறுத்தாமல் ஆர்டர்களை அனுப்பத் தொடங்கியது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எட்டாவது சர்வரோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் அடுத்த ஆண்டு வெளியிட்ட உத்தரவில் உள்ள இன்னொரு தகவல். அன்று சந்தை திறப்பதற்கு முன்பே, அந்தப் பழைய நிரலின் பெயரைச் சொல்லியே சிஸ்டம் 97 மின்னஞ்சல்களை ஊழியர் குழு ஒன்றுக்கு அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாகவே யாரும் வடிவமைத்திருக்கவில்லை. வந்தால் பார்க்க வேண்டும் என்ற வழக்கமும் இல்லை. போதாக்குறைக்கு, பதற்றத்தில் மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அங்கேயும் பழையது விழித்துக்கொண்டது.

அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸின் விவகாரம் வேறு வகை, ஆனால் ஓட்டை அதே இடத்தில்தான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஆபத்தான குறைக்கு 2017 மார்ச்சில் பேட்ச் வந்தது. அதைப் போடச் சொல்லி நிறுவனத்துக்குள் மின்னஞ்சலும் போனது. ஆனால் முகவரிப் பட்டியல் பழையது. பேட்சைப் போட வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. மே மாதம் ஊடுருவல் தொடங்கியது. வலைப் போக்குவரத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்ததால் அதற்குக் கண் தெரியவில்லை. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்ததும் திருட்டு அகப்பட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயிருந்தன. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் ஓடாமலே தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களை அவர்களுடைய அஞ்சல் அமைப்பே ஏற்காமல் திருப்பிவிட்டிருந்தது. வேறொரு காரணத்துக்காகச் சில மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த நகல் ஒன்றால் தப்பித்தார்கள். ஆறு மணி நேரத் தரவோடு இழப்பு நின்றது. பேக்கப்பை ஏன் அவ்வப்போது மீட்டுப் பார்க்கவில்லை என்று தங்களையே கேட்டுக்கொண்டு அவர்கள் வெளிப்படையாக எழுதிய பதில், அந்த வேலைக்குப் பொறுப்பாளர் என்று யாரும் இல்லை என்பது. இவ்வளவு நேர்மையான வரியை நிறுவன அறிக்கைகளில் அதிகம் பார்க்க முடியாது.

விபத்து நடந்த பிறகு தோண்டினால் எங்கும் ஒரு முன்னறிகுறி கிடைக்கத்தானே செய்யும், நாள்தோறும் வந்து குவியும் ஆயிரக்கணக்கான செய்திகளில் எது நிஜமான ஆபத்து என்று அப்போது யாருக்குத் தெரியும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. அந்த 97 மின்னஞ்சல்களைப் பார்க்காத ஊழியர்களைக் குறை சொல்ல நானும் தயாரில்லை. ஆனால் இந்தக் கேள்வி என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. குவியலைக் குறைப்பதும் ஒருவருடைய வேலை. அந்த ஒருவர் இல்லாததால்தான் அது குவிகிறது. கூகுளின் சர்வர் பராமரிப்புக் குழுவினர் 2016-ல் வெளியிட்ட புத்தகத்தில், கண்காணிப்பு எழுப்பும் செய்திகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உடனே எழுந்து கவனிக்க வேண்டிய அலர்ட், சில நாளில் செய்தால் போதுமான டிக்கெட், தேவைப்பட்டால் மட்டும் திறந்து பார்க்கும் லாக். நான்காவதாக, எல்லோருக்கும் போய் யாரும் படிக்காத மின்னஞ்சல் என்ற வகைக்கு அங்கே இடமில்லை. உங்கள் குழுவின் பொது அஞ்சல் பெட்டியைத் திறந்து, தானாக வரும் ஒவ்வொரு வகைச் செய்தியையும் இந்த மூன்றில் ஒன்றில் போடுங்கள். எதிலும் அடங்காததை நிறுத்திவிடுங்கள். “இருந்துவிட்டுப் போகட்டுமே” என்ற குரல் நிச்சயம் எழும். யாரும் படிக்காத அலர்ட், கண்காணிப்பு இருக்கிறது என்ற பொய்யான தைரியத்தைக் கொடுப்பதால், அலர்ட் இல்லாததைவிட மோசமானது.

ஒரே ஆளை நம்பினால், அவர் வேலையை விட்டுப் போகும்போது என்ன செய்வது என்பது மேலாளர்களின் நியாயமான பயம். அதற்குத்தான் ஒரு பெயருக்குப் பதில் இரண்டு பெயர்கள். ஆன்-கால் முறையில் பொறுப்பு சுற்றி வர வேண்டும். ஒருவர் பிரிவு மாறும் நாளிலேயே பட்டியலில் பெயரும் மாற வேண்டும். ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொள்ளத் தவறாத நிறுவனங்கள், போகிறவர் எந்த எச்சரிக்கைகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்பதே இல்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்தால் போதும், ஆள் எதற்கு என்பது இதற்கு நேர் எதிரான வாதம். டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-லேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்: நிரல் எதற்காக இப்படி இருக்கிறது என்ற புரிதல் அதில் வேலை செய்பவர்களின் மனத்தில்தான் இருக்கிறது, ஆவணத்தை மட்டும் வைத்து அதை முழுதாக மீட்க முடியாது என்பது அவர் வாதம். சென்னையின் சப்போர்ட் குழுக்களில் கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போகிறவர் ஸ்லைடு காட்டிச் சொல்வதைவிட, அவர் பக்கத்தில் இருக்கும்போதே வருகிறவர் சில நிஜமான டிக்கெட்டுகளைத் தானே தீர்த்துப் பார்ப்பது பலன் தரும்.

செலவு என்பது கடைசிக் கோட்டை. பிழை திருத்துவதற்கு இவ்வளவு நேரமா என்று நிதிப் பிரிவு கேட்கும். பென்னட் லியன்ட்ஸும் பர்ட்டன் சுவான்சனும் 487 நிறுவனங்களை ஆராய்ந்து 1980-ல் வெளியிட்ட முடிவின்படி, பராமரிப்பில் பிழை திருத்தத்தின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். மிச்சம் பயனர்கள் கேட்ட மாற்றங்களுக்கும், மாறும் சூழலுக்கு ஏற்பச் செய்யும் திருத்தங்களுக்கும் போகிறது. அதாவது, கட்டி முடித்த பிறகும் சிஸ்டம் தொடர்ந்து கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது; கோ-லைவ் நாளோடு பட்ஜெட்டை மூடுவதால் அந்த வேலை நின்றுவிடாது, கணக்கில் வராமல் போகும், அவ்வளவுதான். பொறுப்பாளரின் வாரத்தில் ஒரு பகுதியை டிக்கெட் தொடாத நேரமாக ஒதுக்குங்கள். பயன்படாத நிரலை அழிப்பது, சான்றிதழ்களின் காலாவதித் தேதிகளைப் பார்ப்பது, பேக்கப்பை நிஜமாகவே வேறொரு சர்வரில் மீட்டுப் பார்ப்பது எல்லாம் அந்த நேரத்துக்குரியவை.

பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் விட்டவர்கள், எல்லாம் எஸ்எல்ஏ என்னும் சேவை ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பார்கள். அதில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் பதில், எத்தனை மணியில் டிக்கெட்டை மூடுவது என்பதுதான் பெரும்பாலும் இருக்கும். டிக்கெட் எண்ணிக்கையை வைத்துப் பணம் தந்தால், ஒரே கோளாறை மாதாமாதம் மூடித் திறப்பவருக்குத்தான் வருமானம்; அதன் வேரை நீக்குகிறவர் தன் பில்லைத் தானே குறைத்துக்கொள்கிறார். சப்போர்ட்டில் இருப்பவர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை, ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளில் எத்தனை அடியோடு நின்றன என்பதற்கும் ஒரு தொகை வையுங்கள். உங்கள் தரப்பிலும் ஒருவர் பெயரை ஒப்பந்தத்தின் அதே பக்கத்தில் எழுதுங்கள். இரவு ஷிப்டில் இருக்கும் இளைஞர் சந்தேகப்பட்டு சர்வரை நிறுத்தலாமா என்று கேட்டால், யாரையும் கலக்காமல் “நிறுத்து” என்று சொல்லும் அதிகாரம் அந்தப் பெயருக்கு இருக்க வேண்டும்.