பெயர் வைத்த புயலும் பெயர் இல்லாத மழையும்

"புயல் வருதாம்" என்று டிவியில் சொன்னாலே எங்க திட்டக்குடி பக்கம் டீக்கடையில், "இந்த வருஷம் வெலிங்டன் ஏரி நிரம்பிடும்" என்று பேச ஆரம்பிச்சிடுவாங்க. புயல் வரவில்லை என்றால் வறட்சி என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்தக் கணக்கு சரிதானா? எதை எப்போ விதைக்கிறது, எவ்வளவு தண்ணியை நம்பி இறங்குறது என்பதெல்லாம் இதில் அடங்கியிருப்பதால், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதிகள்தான் இதில் பெரும் பங்கைக் கொண்டுவருகின்றன. காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் அது தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரைத் தாண்டினால் புயல். அப்போதுதான் பெயர் வைக்கிறார்கள். கவனிங்க, பெயர் வைப்பது காற்றின் வேகத்தைப் பார்த்துத்தான், மழையின் அளவைப் பார்த்து அல்ல.

இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். 2016 பருவத்தில் வங்கக் கடலில் கியான்ட், நாடா, வர்தா என்று மூன்று புயல்கள். கியான்ட் ஆந்திரப் பக்கம் திரும்பிக் கடலிலேயே கரைந்தது. நாடா வலுவிழந்து காரைக்கால் அருகே வந்தது. வர்தா சென்னையைப் புரட்டிப் போட்டது. ஆனால் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு.

2021-இல் தமிழ்நாட்டுக் கரையைப் புயல் ஒன்றுகூடக் கடக்கவில்லை. நவம்பரில் இரண்டு தாழ்வு மண்டலங்கள் வடகடலோரத்தில் கரையேறின. இடையிடையே பெயரில்லாத தாழ்வுப் பகுதிகள் வந்துகொண்டே இருந்தன. மழை இயல்பைவிட 59 விழுக்காடு அதிகம்!

புயல் எந்த வழியில் போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் முக்கியம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம்ம கடலூர் பக்கமே கரையேறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதை நாம் இன்றும் நினைப்பது காற்றுக்காகத்தான். 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து, வலுவிழந்து, மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது. கரையேறாத அந்தப் புயலால் சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

இன்னொன்று: நம்ம வெள்ளாறு சேலம், கல்வராயன் மலைப் பக்கத்துத் தண்ணியைக் கொண்டு வருது. வெலிங்டன் ஏரிக்கும் தொழுதூரில் மறிக்கும் வெள்ளாற்றுத் தண்ணிதான் ஆதாரம். அதனால் கடலோரத்தில் மட்டும் கொட்டிவிட்டுப் போகிற மழையை நம்பி நம் ஏரி நிரம்பாது. மழை ஆத்தூர் வரை மேற்கே ஏறணும்.

ஒரு ஆண்டை வைத்துப் போக்கு இதுதான் என்று சொல்ல முடியாது. அதனால்தான் வானிலை ஆய்வாளர்கள் 30 ஆண்டு சராசரியை 'இயல்பு' என்கிறார்கள். ஆனால் ஒன்று உறுதி. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பத்து நாளில் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டவும், நடுவில் நீண்ட வெயில் அடிக்கவும் வாய்ப்பு கூடுகிறது. மொத்த மழை குறையாமலே மானாவாரி மக்காச்சோளம் வாடிப்போவது இப்படித்தான்.

ஆகவே உழவர்களே, நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

மழையை நாமே அளப்போம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, நேர்ச்சுவர் டப்பா ஒன்றை மரம், கூரை மறைக்காத வெட்டவெளியில் வையுங்க. தினமும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் தண்ணீரின் உயரத்தை அளந்து, நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிடுங்க. 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்தால்தான் அது மழை நாள். மொத்த மழையோடு மழை நாட்களையும், இரண்டு மழைக்கு நடுவே உள்ள காய்ச்சல் நாட்களையும் எண்ணுங்க. நம் வயலின் போக்கு அதில்தான் தெரியும்.

கொட்டும் மழையைப் பிடித்து வைப்போம். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு, உயர்த்திய வரப்பு, தாழ்ந்த மூலையில் பண்ணைக் குட்டை இருந்தால் அது வெள்ளாற்றுக்கு ஓடாது. தொழுவுரமும் மூடாக்கும் சேர்ந்த மண் அந்த ஈரத்தைக் காய்ச்சல் நாட்களுக்குச் சேமித்துக் கொடுக்கும். நெல் வயலுக்கு வடிகாலைப் புரட்டாசியிலேயே தூர்வாரி வைக்கணும்.

ஒரே பயிரை நம்பாமல் மக்காச்சோளத்தோடு உளுந்து, துவரை, ஓரத்தில் ஆமணக்கு என்று கலந்து போடுங்க. ஒன்று மழையில் போனாலும் இன்னொன்று கை கொடுக்கும்.

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை" என்பார்கள். தானே வந்தது மார்கழியில். 2021 ஜனவரியில் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. பழமொழியை மறக்க வேண்டாம். ஆனால் பக்கத்தில் நோட்டையும் வைத்துக்கொள்வோம். ஊருக்குப் பத்துப் பேர் எழுதினால், பத்து ஆண்டில் நம்ம பகுதி மழையை நாமே பேச முடியும்.