வன்தட்டு பழுதாவதைக் கண்டறிதல்

11ஆம் வகுப்பு – கணினி அறிவியல் – ஆய்வகச் செயல்பாடு

மாணவர்கள் வன்தட்டின் படம் வரைந்து பாகங்களைக் குறித்துவிடுகிறார்கள். அது பழுதாகத் தொடங்கினால் என்ன செய்வது என்று கேட்டால், “ஃபார்மேட் பண்ணிடலாம் மிஸ்” என்கிறார்கள். ஐயப்பன்தாங்கலில் நான் நடத்தும் வகுப்பில் இந்த விடையிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். ஆய்வகக் கணினி ஒன்று இயங்கத் தொடங்கவே 10 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. 12ஆம் வகுப்பு மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் அதில்தான் இருந்தன.

கருத்து விளக்கம்

மேசைக்கணினி வன்தட்டின் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். படிக்கும் முனை தட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கும்; உரசினால் காந்தப் பூச்சு சிதையும். தரவு ‘செக்டர்’ எனும் சிறு பகுதிகளில் பதிவாகிறது. ஒரு செக்டர் கெட்டால், வன்தட்டு தன்னிடமுள்ள உதிரி செக்டரை அதற்கு ஈடாக வைத்து, அதைக் கணக்கிலும் குறித்துக்கொள்ளும். இந்தக் கணக்கேடுதான் ‘ஸ்மார்ட்’.

செயல்பாடு

உபுண்டுவில் ‘டிஸ்க்ஸ்’ செயலியைத் திறந்து, வன்தட்டைத் தேர்வு செய்து, மெனுவில் ‘ஸ்மார்ட்’ தரவைப் பார்க்கச் சொல்லுங்கள். குழுவாக நான்கு வரிசைகளைக் குறிக்கட்டும்.

5 – உதிரிக்கு மாற்றப்பட்ட செக்டர்கள்
197 – படிக்க முடியாமல், மாற்றத்துக்குக் காத்திருப்பவை
198 – திருத்த முடியாதவை
199 – கேபிள் வழியே தரவு செல்லும்போது நேர்ந்த பிழைகள்

முதல் மூன்றும் பூச்சியமாக இருப்பது நல்லது. வாரந்தோறும் ஏறினால் வன்தட்டு தேய்கிறது என்று பொருள். 199 மட்டும் ஏறினால் கேபிளைக் கழற்றி மாட்டியோ மாற்றியோ பார்க்கலாம். வன்தட்டு நன்றாகவே இருக்கக்கூடும்.

எங்கள் கணினியில் 197ஆம் வரிசையில் 24 என்றிருந்தது. உடனே முழுச் சோதனை ஓட்டலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். வேண்டாம் என்றேன். முழுச் சோதனை தட்டு முழுவதையும் படிக்கும். மூச்சு வாங்குபவரை மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது அது. முதலில் செய்முறைக் கோப்புகளை வேறு வன்தட்டுக்கு நகலெடுத்தோம். பிறகு சோதித்தோம், தேறவில்லை. ‘டக் டக்’ என்ற ஒலி கேட்டால் நகலெடுக்கவும் முயலாமல் கணினியை நிறுத்திவிட வேண்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு

எண்கள் பூச்சியமாக இருப்பது உத்தரவாதம் ஆகாது. கூகுள் ஆய்வாளர்கள் 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல் ஸ்கேன் பிழை தோன்றிய வன்தட்டு அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழையில்லாததைவிட 39 மடங்கு. ஆனால் பழுதானவற்றில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு ‘ஸ்மார்ட்’ அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆகவே நோய் காண்பது ஒரு பக்கம் இருக்க, வாரம் ஒருமுறை நகலெடுப்பதை ஆய்வக வழக்கமாக்குவோம்.

மதிப்பீடு

1. 199 மட்டும் ஏறுகிறது. முதலில் எதைச் சரிபார்ப்பாய்?
2. 197 ஏறும் வன்தட்டை உடனே ஃபார்மேட் செய்வது ஏன் தவறு?
3. நான்கு எண்களும் பூச்சியம். நகல் தேவையா? காரணம் கூறு.