பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேலைக்குக் கிளம்பும் தாயிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, “பிள்ளையை யார் பார்த்துக்கறது?” என்பதுதான். 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்தச் சுமையோடு பிள்ளை வளர்ப்பும் சேரும்போது, அது ஒரு வீட்டின் கவலையாக மட்டும் இருக்க முடியாது. ஊர் கூடி அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்கவிடாமல் தடுக்கும் சில நம்பிக்கைகளை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: பாட்டி இருக்கும்போது காப்பகம் எதற்கு?

உண்மை: பிழைப்புக்காகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வந்த பல குடும்பங்களில் பாட்டி கூட இல்லை. கிராமத்தில் இருக்கும் பாட்டியும் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர்தான். கடைசியில் கைக்குழந்தையை இடுப்பில் சுமப்பவள் பள்ளிக்குப் போகவேண்டிய அக்கா. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் இந்த நிலைமையை அறிந்தே எழுதப்பட்டது. வேலைத்தளத்துக்கு 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 5 பேரோ அதற்கு மேலோ வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் கூலி தரவேண்டும் என்றது. பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று சட்டமே ஒப்புக்கொண்டது பெரிய செய்தி.

நம்பிக்கை: காப்பகத்தில் விட்டால் தாய்ப்பாசம் விட்டுப்போகும்.

உண்மை: அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய ஓர் அரசு ஆய்வு, 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. காப்பகத்தில் இருப்பதால் மட்டும் தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பு குலைவதில்லை என்று அது கண்டது. வீட்டில் தாய் குழந்தையின் தேவையை எப்படிப் புரிந்து நடக்கிறார் என்பதே முக்கியமாக இருந்தது. நல்ல பராமரிப்பு கிடைத்த குழந்தைகளின் மொழித்திறனும் சற்று மேம்பட்டிருந்தது. தரம் குறைந்த காப்பகமும் வீட்டில் கவனக் குறைவும் சேர்ந்தபோதுதான் ஆபத்து கூடியது. ஆகவே தாய்மார்கள் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம். காப்பகத்தின் தரத்தைக் கேட்டால் போதும்.

நம்பிக்கை: அங்கன்வாடி என்பது சோறு போடும் இடம். படிப்பெல்லாம் எல்கேஜியில்தான்.

உண்மை: அங்கன்வாடிகளை நடத்தும், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் உணவோடு தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி எல்லாம் அடக்கம். தமிழ்நாட்டு மையங்களுக்கென்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமே இருக்கிறது. மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் 6 வயதுக்கு முன்பே நடந்துவிடுகிறது என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அந்த வயதில் பாட்டும் கதையும் பேச்சும்தான் படிப்பு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தாயின் வேலை முடியும் முன்பே அங்கன்வாடி மூடிவிடுகிறது. கைக்குழந்தைகளுக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது, பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்த, 2022-இல் தொடங்கிய ‘பால்னா’ திட்டம் வழிசெய்கிறது. நம் ஊர் மையத்துக்கு அது வேண்டும் என்று கேட்கலாம்.

நம்பிக்கை: 50 பெண்கள் வேலை செய்தால்தான் கம்பெனியில் காப்பகம் வைக்க வேண்டும்.

உண்மை: 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஆணும் பெண்ணுமாக மொத்தப் பணியாளர்களையே கணக்கில் கொண்டது. 50 பேர் இருந்தால் காப்பகம் கட்டாயம்; தாய் நாளொன்றுக்கு 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. ஆனால் வயல்வேலை, வீட்டுவேலை, பூக்கட்டுதல், தெருவோர வியாபாரம் எதுவும் இந்த வரம்புக்குள் வராது. அந்தப் பெண்களுக்கு அரசு நடத்தும் காப்பகமே கதி. அதனால்தான் இதை ஊர்க் கோரிக்கையாக்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: பிள்ளை பார்க்க என்ன படிப்பு வேண்டும்? யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

உண்மை: கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகத் திட்டம் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பெருகினார்கள். ஆனால் எல்லாக் காப்பகங்களும் ஒரே தரத்தில் இல்லை. சில குழந்தைகளின் நடத்தையில் சிக்கல்கள் கூடியதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கட்டணம் குறைந்தால் மட்டும் போதாது. பயிற்சியும் அனுபவமும் உள்ளவர்கள் வேண்டும். அவர்கள் நிலைத்திருக்க நல்ல சம்பளம் வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டீச்சரின் சம்பளத்துக்காகப் பெற்றோர் குரல் கொடுப்பது தங்கள் பிள்ளைக்காகக் குரல் கொடுப்பதே.

நம்பிக்கை: நாம் கேட்டு என்ன நடக்கப்போகிறது?

உண்மை: கேட்டதால்தான் இவ்வளவும் வந்தது. 1969-இல் டெல்லியில் மீரா மகாதேவன், கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய காப்பகத்திலிருந்து ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு வளர்ந்தது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் அளித்த அறிக்கை, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு முன்னோடியானது. 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில், 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணையிட்டது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பின் மக்கள் கேட்டால், 3 மாதத்துக்குள் மையம் தரவேண்டும். ஆணையின் சொற்படி, மக்கள் கேட்பதே அந்த உரிமையைத் தொடங்கிவைக்கிறது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தெருவாரியாகக் குழந்தைகளின் பெயர், வயது, தாயின் வேலை நேரம் எழுதிய பட்டியலோடு போங்கள். மையம் வேண்டுமா, நேரம் நீள வேண்டுமா, காலிப் பணியிடம் நிரம்ப வேண்டுமா, கழிப்பறை வேண்டுமா என்று தனித்தனியாகத் தீர்மானம் எழுதி, நிறைவேற்றி, நகல் வாங்குங்கள். நகரத்தில் இருப்பவர்கள் அதே பட்டியலை வார்டு உறுப்பினரிடமும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தாய்மார்களோடு தகப்பன்மார்களும் போங்கள். பிள்ளை இருவருக்கும் சொந்தம். கேட்கும் கடமையும் இருவருக்கும் உண்டு.