குடியிருந்தவர் காலமான வீடு

சிரஞ்சீவி மருமானுக்கு,

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் உன் தாயார் உனக்கு விட்டுச்சென்ற வீட்டில் எட்டு ஆண்டுகளாகக் குடியிருந்த பெரியவர் பரமபதித்ததையும், அயல்நாட்டிலிருந்து வந்த அவருடைய குமாரர் பதின்மூன்று நாள் காரியங்களையும் அங்கேயே நடத்த விரும்புவதையும், அன்று சதய நட்சத்திரமாக இருந்தபடியால் வீட்டுக்கு ஆறு மாத அடைப்பு என்று அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டு நீ கலங்கியிருப்பதையும் உன் கடிதத்தால் அறிந்தேன். காரியங்களை வேறிடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். சொல்லாதே.

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் இந்தத் தீவுக்கு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைத் தூரதேசங்களுக்கு அனுப்பிவிட்டு, அரங்கன் சந்நிதிக்கு அருகே எஞ்சிய நாட்களைக் கழித்து இங்கேயே கண்ணை மூட வேண்டும் என்ற சங்கல்பத்தோடு வந்து, இரண்டு அறையும் ஒரு ரேழியுமாக ஏதேனும் ஒரு பகுதியை வாடகைக்குப் பிடிப்பவர்களை நீ சிறுவயது முதல் பார்த்திருக்கிறாய். அப்படி வந்தவருக்கு வீட்டை விட்டவன் அவருடைய மரணத்துக்கும் சேர்த்தே இடம் விட்டவன் என்பது என் அபிப்பிராயம். அம்மா மண்டபத்துப் படித்துறையில் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டு ஈரவேஷ்டியோடு திரும்பும் அந்தக் குமாரருக்கு, தம் தகப்பனார் புழங்கிய கூடத்தைத் தவிர வேறு எந்தக் கூடம் பொருந்தும்?

அவிட்டம் முதல் ரேவதி வரையிலான ஐந்து நட்சத்திரங்களுக்கும், அதாவது தனிஷ்டா பஞ்சமிக்கு, ஆறு மாத அடைப்பு என்று பஞ்சாங்கங்கள் குறிப்பது உண்மைதான். உயிர் பிரிந்த அறையை மட்டும் பூட்டிவைப்பவர்களும் உண்டு. சாந்தி செய்துகொள்பவர்களும் உண்டு. உனக்கு நம்பிக்கை இருந்தால் அவ்வாறே செய். ஆனால் அந்த ஆறு மாத வாடகையைப் பெரியவர் கொடுத்திருந்த அட்வான்ஸில் கழிக்காதே. நம்பிக்கை உன்னுடையது, பணம் அவர்களுடையது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1974இல் உறையூரில் எனக்கிருந்த சிறிய வீட்டில் குடியிருந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, உடலை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று அவர் மனைவி ஆளனுப்பிக் கேட்டார். மற்றக் குடித்தனக்காரர்கள் முணுமுணுத்ததைச் சாக்காக வைத்து நான் பதில் சொல்லாதிருந்தேன். உடல் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஓயாமரிக்குப் போயிற்று. அதன்பின் அந்த அம்மாள் என் வாசலை மிதிக்கவேயில்லை. வீட்டைக் காலி செய்யும் வரையில் வாடகையை மணியார்டரில் அனுப்பினார். ஒவ்வொரு மாதமும் அந்தப் படிவத்தில் கையெழுத்திடும்போது என் கை கூசியது.

சட்டத்தையும் கேட்டிருந்தாய். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. குடியிருந்தவருடன் கூடவே வசித்துவந்த மனைவி மக்களுக்கு, ஒப்பந்தத்தின் மிச்சக் காலத்துக்குக் குடியிருக்கும் உரிமை சேரும். இவரோ தனியே வசித்தவர். ஆகவே வீடு உன் கைக்குத் திரும்புவதில் தடை இராது. ஆனால் உள்ளே இருக்கும் பீரோ, பாத்திரம், புத்தகம், பெருமாள் படம் ஆகிய ஒவ்வொன்றும் அவருடைய வாரிசுகளுக்குச் சொந்தம். பழந்துணியென்று ஒன்றையும் நீ எடுத்தெறியலாகாது. குமாரர் முன்னிலையில், தெருவார் இருவரைச் சாட்சியாக வைத்து, ஜாபிதா எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள். பெரியவருக்கு ஒரு பெண்ணும் உண்டென்று எழுதியிருக்கிறாய். ஆதலால் அட்வான்ஸை அவசரப்பட்டுக் குமாரர் கையில் மட்டும் கொடுத்துவிடாமல், தாசில்தார் அளிக்கும் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, இருவர் சம்மதத்தோடும் கொடு. மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். ஊர் புதிதான குமாரரை மாநகராட்சி அலுவலகத்துக்கு நீயே அழைத்துப் போ.

பதின்மூன்றாம் நாள் காலையில் நான் வருகிறேன். ஜாபிதாவுக்கு ஒரு சாட்சியாக நானே கையெழுத்திடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா