திரும்பாத சாவி

கேரள மாநிலத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவுக்கு அப்பால், போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டம் உள்ளது. 1868 மீட்டர் உயரமுடைய அகத்தியர்கூடத்திற்கு நடந்து செல்வோர் இங்கிருந்தே புறப்படுவர். ஆங்கிலேயர் காலத்துத் தோட்டமாகிய இதில் பணிபுரியத் தமிழகத்திலிருந்து பல குடும்பங்கள் சென்றன. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்பர். தோட்டம் நலிந்து, ஊதியமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றபோது, பலர் வீட்டைப் பூட்டிவிட்டு வேலை தேடிச் சென்றனர். சிலர் அங்கேயே தங்கினர்.

தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு வீடு அளிப்பதும் அதனைப் பேணுவதும் தோட்ட உரிமையாளரின் கடமை என 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஆகவே கதவும் நிலையும் தோட்டத்துக்கு உரியவை. அதில் தொங்கும் பூட்டு மட்டுமே பெரும்பாலும் குடும்பத்தினர் தம் காசில் வாங்கியது. தோட்டம் கைவிடப்பட்டால் கதவைச் செப்பனிட யார் வருவார்? மழைக்காலம் முடிந்து திரும்புவோர், உப்பிய கதவின்முன் சாவியும் கையுமாக நிற்க நேரிடும். சாவி நுழையும், திரும்பாது. விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்ற உங்களுள் சிலரும் இவ்வாறு நின்றிருக்கக்கூடும். அப்போது யாரேனும் ஒருவர் சுத்தியலைத் தேடுவார். அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

இரும்பு, நீரோடும் காற்றோடும் சேர்ந்து துருவாகிறது. துரு இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், பூட்டின் உள்ளுறுப்புகள் இறுகிவிடுகின்றன. சாவித் துளையிலும், பூட்டின் வளையம் நுழையும் இடத்திலும் சில துளி மண்ணெண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். இதனைப் பெரியவர் துணையோடு, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்க. பின்னர்ச் சாவியை இருபுறமும் மெல்ல அசைக்க வேண்டும். வலிந்து திருப்பினால் தேய்ந்த சாவி உள்ளேயே முறியும். சிறு பழுது பெரும் பழுதாகும். பூட்டுத் திறந்தபின் துருவைத் துடைத்து, பென்சிலின் கரித்தூளைச் சாவித் துளையில் இடலாம். வீடுகளில் தேங்காய் எண்ணெய் விடுவதே வழக்கம். ஆயினும் அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கதவினுள் பதித்த பூட்டாயின் முதலில் ஒரு சோதனை செய்ய வேண்டும். கதவைத் திறந்து வைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பூட்டின் நாக்கு தடையின்றி வெளிவந்தால் பூட்டில் பழுதில்லை. கதவு உப்பியிருக்கும், அல்லது கீலின் திருகாணிகள் தளர்ந்து கதவு கீழிறங்கியிருக்கும். அதனால் நாக்கு நிலையிலுள்ள துளைக்கு நேரே வருவதில்லை. இதை அறியாமல் நல்ல பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவோர் பலர். புதுப்பூட்டும் பூட்டாது என்பதைப் பிறகுதான் அறிவர்!

தளர்ந்த திருகாணிக்கு மருந்து எளிது. அதனைக் கழற்றி, அகன்றுவிட்ட துளையில் மூங்கில் சீவல்களை மரப்பசையில் தோய்த்துச் செருகுக. பசை காய்ந்தபின் நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டு மீண்டும் முடுக்கினால் திருகாணி உறுதியாகப் பற்றும். மழை மிகுந்த மலைப்பகுதியில் பித்தளைத் திருகாணியோ துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியோ நெடுநாள் உழைக்கும். ஆனால் ஆணியை விரலால் அழுத்தினாலே உட்புகும் அளவுக்கு மரம் மக்கியிருந்தால், எந்தப் பூட்டும் அவ்வீட்டைக் காக்காது. மக்கிய பகுதியை வெட்டி நீக்கிப் புதுமரம் இணைக்க வேண்டும். அது தச்சரின் வேலை. அதுவரை கொண்டியையும் நாதாங்கியையும் ஒரு சாண் மேலே, நல்ல மரத்தில் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

பூட்டே தேய்ந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். சாவியின் பற்கள் பூட்டினுள் உள்ள நெம்புகளை உரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். பற்களோ நெம்புகளோ தேய்ந்தால் அந்த உயரம் தவறிவிடும். இத்தகைய நெம்புப் பூட்டுகளைக் கையால் செய்வதில் பெயர்பெற்றது திண்டுக்கல். அவ்வூர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பதித்த பூட்டை மாற்றுவதாயின், பழைய பூட்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கதவின் கனமும், கதவு விளிம்பிலிருந்து சாவித் துளைவரை உள்ள தொலைவும் பொருந்த வேண்டும். பொருந்தாததை வாங்கினால் பழைய மரத்தில் புதுத்துளை இட நேரும். கதவு மேலும் வலுவிழக்கும்.

கடையில் என்ன சொல்லிக் கேட்பது? சாவி என்னும் சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. இந்தியில் வழங்கும் ‘சாபி’யும் அவ்வழி வந்ததே. யாழ்ப்பாணத்தில் திறப்பு என்பர். விதுராக் கடைக்காரரிடம் ‘தாக்கோல்’ என்று கேளுங்கள். அந்த மலையாளச் சொல்லில் நம் தாழும் கோலும் இருக்கின்றன.

சொற்பொருள்

நிலை – கதவைத் தாங்கும் மரச்சட்டம். கீல் – கதவை நிலையோடு இணைக்கும் உறுப்பு. கொண்டி – கதவில் பொருத்திய இரும்புப் பட்டை. நாதாங்கி – கொண்டியை ஏற்கும் நிலை வளையம். தாழ் – கதவை அடைக்கும் கோல்.

பயிற்சி

1. கதவைத் திறந்து வைத்துப் பூட்டைச் சோதிப்பது ஏன்?

2. கைவிடப்பட்ட தோட்டத்தின் லயக் கதவை யார் செப்பனிட வேண்டும்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

3. சாவியை உம் தாத்தாவும் பாட்டியும் எவ்வாறு அழைப்பர்? கேட்டு எழுதுக.